மாதேசனின் கூடுதல் புள்ளி

குரோமோசோம் பாக்கற வேலைக்கு வந்திருக்கற புதுப் பிள்ளைங்களே, முதல்ல ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில கண்ணு போகும், கழுத்து போகும், கல்யாண வீட்டுல நிம்மதியா சாப்பிடறதும் போகும். பந்தியில பக்கத்துல உக்காந்தவங்க "என்ன வேலை பாக்கறீங்க"ன்னு கேப்பாங்க. சொல்லுவீங்க. உடனே இலையில சாம்பார் விழுந்ததுகூடத் தெரியாம உங்க பக்கம் சாய்ஞ்சு, "அப்ப வயித்துல இருக்கறது பையனா பொண்ணான்னு தெரிஞ்சுடும்?"பாங்க. தெரியும், சொன்னா ஜெயில்னு சொல்லுவீங்க. "சொல்ல வேண்டாம், லேசா ஒரு சிரிப்பு சிரிச்சாப் போதும்"னு அடுத்த பேரம் ஆரம்பிக்கும். நான் பல கல்யாணத்துல பாயசம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து வந்தவ.

உங்க டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஊக்கம் தர்ற மாதிரி நாலு அனுபவம் பேசுங்க மேடம்"னாரு. ஊக்கம் வேணும்னா கீழ கேன்டீன்ல காபி கிடைக்கும். நாலெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கேஸைச் சொல்றேன். தமிழ்லயே சொல்றேன். உங்கள்ல பாதிப் பேரு ஈரோடு, சேலம். மீதிப் பேரு இந்த மைசூர்லயே பொறந்து, வீட்டுல தமிழும் வாசப்படி தாண்டினா கன்னடமுமா வளந்தவங்க, என்னை மாதிரி. சாயம் எவ்வளவு நேரம் வைக்கணும், ஸ்லைடை எந்தச் சூட்டுல காய வைக்கணும்னெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. அதுக்கு மானுவல் இருக்கு.

அப்ப நான் லேப்ல ரெண்டாவது இடத்துல இருந்தேன். ஒரு ரிப்போர்ட் வெளிய போகணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு பெரியவரோடது. பெரியவர்னா எங்க ஹெட். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா மேல இருந்து இறங்கி வந்து உங்க மேஜையை எல்லாம் துடைச்சு அடுக்கிட்டுத்தான் போவாரு. அவ்வளவு சுத்தம். சட்டைப் பையில ரெண்டு பேனா வெச்சிருப்பாரு, ரெண்டும் ஒரே உயரத்துல நிக்கணும். தொழில் தெரிஞ்சவரு, அதுல சந்தேகமே வேண்டாம். நான் ஒரு செல்லைத் தப்பாப் படிச்சேன்னா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார வெச்சு, நான் சரியாச் சொல்ற வரைக்கும் எழுந்திருக்க விட மாட்டாரு. ஆனா மனுஷனுக்கு ஒரே ஒரு வியாதி. அழகு.

நம்ம வேலை என்ன? செல்லு ரெண்டாப் பிரியப் போற நேரத்துல அதைப் பிடிச்சு நிறுத்தி, கண்ணாடியில சொட்டா விட்டு, உள்ள இருக்கற குரோமோசோமைப் படம் எடுத்து, ஜோடி ஜோடியா அடுக்கிப் பாக்கறது. கண்ணாடியில எக்கச்சக்கமா செல்லு கிடக்கும். எல்லாத்தையும் பாக்க ஆயுசு போதாது, அதனால பொறுக்கி எடுப்போம். எதைப் பொறுக்குவோம்? பூக்கோலம் மாதிரி தனித்தனியா, ஒண்ணுமேல ஒண்ணு விழாம விரிஞ்சு கிடக்கறதை. சிக்குப் பிடிச்சுக் கிடக்கற செல்லை ஒருத்தரும் சீண்ட மாட்டோம். பொண்ணு பாக்கப் போற மாதிரிதான் வெச்சுக்குங்களேன். எங்க லேப்ல இதுக்கு மேல இன்னொரு பழக்கமும் இருந்துது. படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினதும், ஓரத்துல ஒட்டியிருக்கற சாயத் துணுக்கு, தூசி எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் பெரியவர்கிட்ட காட்டணும். எங்க டெக்னீஷியன் லோகேஷ், நஞ்சன்கூட்டுப் பையன், அதுல கெட்டிக்காரன். கன்னடத்துல குப்பையைக் கசன்னு சொல்லுவாங்க. "கச எடுத்தாச்சு மேடம்"னு சொல்லிட்டே ஒவ்வொரு படத்தையும் கழுவிவிட்ட தட்டு மாதிரி ஆக்கிடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஹனூர்ல இருந்து ஒரு ஜோடி வந்துது. பொண்ணு பேரு சுகன்யா, மெடிக்கல் ஷாப்புல வேலை. புருஷன் மாதேசன், சொந்த டிராக்டர் வெச்சு ஊர்ல எல்லார் காட்டுக்கும் உழவு ஓட்டறவரு. கல்யாணமாகி மூணு தடவை கரு தங்கி, மூணும் கலைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுக்கு எடுக்காத டெஸ்ட் இல்ல. ரத்தம், ஸ்கேன், அந்தக் குழாய், இந்தக் குழாய். அவ குரோமோசோமும் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருந்துது. புருஷனுக்கு மட்டும் ஒரு துளி ரத்தம்கூட யாரும் எடுக்கல. அவங்க டாக்டர் அம்மாதான் கடைசியில பொறுமை போய், "அவர் ரத்தம் வராம இனிமே என்கிட்ட வராதீங்க"ன்னு துரத்திவிட்டாங்க. டிராக்டருக்கு அடியில மல்லாந்து படுத்து கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போடற ஆளு, ஊசியைப் பாத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கேட்டேன், ரிசல்ட்டைத் தனித்தனியா சொல்லணுமா, சேத்து வெச்சு சொல்லலாமான்னு. சேத்தே சொல்லுங்கன்னாங்க.

கூட மாதேசனோட அம்மாவும் வந்திருந்தாங்க. நான் தமிழ் பேசறேன்னு தெரிஞ்சதும் வராந்தாவுல என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"அப்பாடா, தமிழுங்களா நீங்க. நமக்குக் கன்னடமெல்லாம் நல்லா வருமுங்க மேடம். இந்த டாக்டருங்க பேசற கன்னடந்தான் ஒண்ணும் வெளங்கறதில்ல."

சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கல. குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"என்ற பையனுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்துப்போடுங்க மேடம். அது போதுமுங்க. தாளவாடியில ஒரு எடத்துல பொண்ணு பேசி வெச்சிருக்கறமுங்க. பையனுக்கு எல்லாஞ் சரியா இருக்குதாங்கறாங்க அவங்க. கேக்கத்தான செய்வாங்க."

"இந்தப் பொண்ணு?"

"அவ அம்மா ஊட்டுக்குப் போயிருவா. நாலு பேரை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாமுங்க. அவ வவுறு சரியில்ல, நாங்க என்ன பண்றது?"

"அவ ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கேம்மா."

"மிசினுக்கு என்னங்க தெரியும்?"

சுகன்யா ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்து போனைப் பாத்துட்டிருந்தா. காது கேக்காத தூரம் இல்ல அது. போன்ல திரை அணைஞ்சு ரொம்ப நேரம் ஆயிருந்துது, அவ அதையேதான் பாத்துட்டிருந்தா. இதைக் கவனிச்சுக்குங்க பிள்ளைங்களா. நம்ம ரிப்போர்ட்டை வெறும் சோதனை முடிவுன்னு நாம நெனைச்சுக்கறோம். வராந்தாவுல அது பஞ்சாயத்துத் தீர்ப்பு. மாதேசனுக்கு நார்மல்னு ஒரு வார்த்தை எழுதினா, அந்தப் பொண்ணு பெட்டியைக் கட்டணும்.

அதுக்காக ரிப்போர்ட்டை மாத்தி எழுத முடியுமா? முடியாது. நம்ம இரக்கத்தைப் பாத்து குரோமோசோம் ஒண்ணும் இடம் மாறி நிக்கப் போறதில்ல. ஆனா ஒண்ணு பண்ணலாம். நல்லாப் பாக்கலாம்.

ஃபைல் என் மேஜைக்கு வந்துது. பெரியவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாரு. நார்மல். லோகேஷ் எடுத்த படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துது. எனக்குப் படத்துமேல எப்பவுமே நம்பிக்கை கிடையாது. கல்யாண ஆல்பத்தைப் பாத்து ஒரு குடும்பத்தை எடை போட முடியுமா? ஸ்லைடை எடுத்துட்டு மைக்ராஸ்கோப்புக்குப் போனேன்.

முதல் செல்லுல ஓரமா ஒரு புள்ளி. தூசிதான்னு தள்ளினேன். அடுத்த செல்லுலயும் ஒரு புள்ளி. அடுத்ததுலயும். சில செல்லுல இல்ல, ஆனா பெரும்பாலானதுல இருந்துது, அதுவும் ஒண்ணே ஒண்ணு. லோகேஷைக் கூப்பிட்டேன்.

"இது என்னப்பா?"

"பரீ கச மேடம். வெறும் சாயத் துணுக்கு."

"எத்தனை படத்துல அழிச்சே?"

யோசிச்சான். "ஏறக்குறைய எல்லாத்துலயும்."

"ஏம்ப்பா, காத்தடிச்சா குப்பை எல்லா வீட்டு வாசல்லயும் ஒண்ணு ஒண்ணா, ஒரே அளவுல பாத்து விழுமா?"

அவன் போய்ப் பழைய படத்தையெல்லாம் அழிக்கறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி திறந்து வெச்சான். அவன் அழிச்ச அத்தனை படத்துலயும் புள்ளி ஜம்முன்னு உக்காந்திருந்துது. அவனைத் திட்டத் தோணல. அழுக்கா இருந்தா படத்தைத் திருப்பி அனுப்பற லேப்ல வளந்த பையன், சுத்தம் பண்ணக் கத்துக்கிட்டான். வேற யாரும் பண்ண முடியாத தப்பு அது. தொழில் தெரிஞ்சவன்தான் இவ்வளவு நேர்த்தியா ஒரு ஆதாரத்தை அழிக்க முடியும்.

பெரியவர்கிட்ட போனேன். கேட்டுட்டு, சென்ட்ரோமியர், அதாவது குரோமோசோமோட இடுப்பு, மட்டும் கறுப்பாத் தெரியற சாயம் ஒண்ணு போட்டுப் பாக்கச் சொன்னாரு. போட்டோம். மத்த எல்லா குரோமோசோமுக்கும் இடுப்புல கறுப்பு விழுந்துது. புள்ளிக்கு ஒண்ணும் இல்ல, வெளுப்பு.

"முடிஞ்சுது"ன்னாரு. "சென்ட்ரோமியர் இல்ல. செல்லு பிரியும்போது இழுக்கற கயிறு இடுப்பைப் பிடிச்சுத்தான் இழுக்கும். இடுப்பே இல்லாததைக் கயிறு எங்க பிடிக்கும்? நாலஞ்சு தடவை பிரிஞ்சா காணாமப் போயிடும். இது குப்பை. பால பாடம்மா இது."

"காணாமப் போகவேண்டியது போகலையே சார். மனுஷன் டிராக்டர் ஓட்டற வயசுக்கு வந்துட்டாரு, அதுவும் கூடவே வந்திருக்கு."

"என்னன்னு தெரியாத ஒண்ணை ரிப்போர்ட்ல எழுதினா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? வதந்தி. அந்தக் குடும்பத்தைப் பயமுறுத்தப் போறியா?"

இது நியாயமான கேள்வி. உங்ககிட்ட ஒருநாள் யாராவது கேப்பாங்க, அதனால அந்த ஆளை முட்டாள்னு நெனைக்காதீங்க. தெரியாததை எழுதிக் குடும்பத்தைக் கெடுத்த லேப்பும் உண்டு. நான் சொன்னேன், "வதந்தியும் எழுத வேண்டாம் சார், நார்மல்னும் எழுத வேண்டாம். இன்னும் தெரியலைன்னு சொல்லி டைம் கேக்கலாம்."

"திங்கக்கிழமை தர்றதா சொல்லியாச்சு. ஹனூர்ல இருந்து பஸ் ஏறி வர்றாங்க."

"வரட்டும். நான் கையெழுத்துப் போடல."

அந்த லேப்ல அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. பெரியவர் பையில இருந்த ரெண்டு பேனாவையும் எடுத்து, பாத்து, திரும்ப வெச்சாரு.

"நான் உனக்குக் கத்துக் குடுத்ததுல இந்தப் பிடிவாதம் எங்க இருந்துது?"

"அதைத்தான சார் தினமும் கத்துக் குடுத்தீங்க."

வெளிய போன்னு கையைக் காட்டினாரு. போயிட்டேன். வேலை போச்சுன்னுதான் நெனைச்சேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா என் ஸ்டூல்ல அவரு உக்காந்திருக்காரு, கண்ணை மைக்ராஸ்கோப்புல ஒட்ட வெச்சுட்டு. பக்கத்துல டீ ஆடை கட்டிக் கிடக்கு. அவரு டீயை ஆற விட்டு நான் பாத்ததில்ல.

"வா, இதைப் பாரு"ன்னு நகர்ந்தாரு.

பாத்தேன். அவரு வாழ்நாள்ல சீண்டாத மாதிரி ஒரு செல்லு. சிக்கெடுக்காத தலை மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அழகா விரிஞ்சு நிக்கற செல்லுல குரோமோசோமெல்லாம் சுருங்கி, குட்டையா, குண்டா இருக்கும். கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிடும். சிக்கிக் கிடக்கற அசிங்கமான செல்லுலதான் அது நீளமா இருக்கும், ஒவ்வொரு கோடும் தனியாத் தெரியும். அங்க பதிமூணாம் நம்பர் ஜோடி. ஒண்ணு முழுசா இருக்கு. இன்னொண்ணுல நடுவுல ஒரு பட்டையைக் காணோம்.

"விட்டுப் போன துண்டு எங்கன்னு நெனைக்கறே?"ன்னாரு.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓரத்துல இருந்த புள்ளியைப் பாத்தோம். அது குப்பை இல்ல. பதிமூணோட வயித்துல இருந்து வெட்டுப்பட்ட துண்டு, ரெண்டு முனையும் ஒட்டி வளையமாகி, தனிக்குடித்தனம் நடத்திட்டிருக்கு.

சரி, இடுப்பு இல்லாம எப்படிப் பிழைச்சுது? இங்கதான் பால பாடம் கோட்டை விட்டுது. இங்க இருந்து சாமராஜநகர் போற பஸ்ஸுல கூட்டத்துக்கு நடுவுல எப்படி சீட் பிடிப்பீங்க? ஜன்னல் வழியா கர்ச்சீப்பைப் போடுவீங்க. அதுக்கப்புறம் அது உங்க சீட்டு. சீட்டு நம்பரையா பாக்கறாங்க, கர்ச்சீப்பைத்தான் பாக்கறாங்க. சென்ட்ரோமியரும் அப்படித்தான். டிஎன்ஏ எழுத்துல இன்ன இடம்தான் இடுப்புன்னு எழுதி வெச்சிருக்கும்னு ரொம்ப நாள் எல்லாரும் நம்பினாங்க, பெரியவரும் நம்பினாரு. உண்மையில ஒரு புரதம் போய் உக்காரும். எங்க உக்காருதோ அதுதான் இடுப்பு. செல்லு பிரியும்போது அந்தப் புரதத்துல பாதி ஒரு நகலுக்கும் பாதி இன்னொண்ணுக்கும் போகும், குறையறதைச் செல்லு அதே இடத்துல நிரப்பிக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையா சீட்டு கை மாறாது. வழக்கமான இடத்துல இல்லாம எங்கயோ ஒரு புது இடத்துல அது உக்காந்துட்டா, அங்க நம்ம கறுப்புச் சாயம் பிடிக்காது, ஆனா கயிறு வந்து பிடிக்கும். ஜீனுக்கும் இதே கதைதான்னு பின்னாடி படிப்பீங்க. எழுத்து என்னங்கறது பாதி, அதுமேல யாரு உக்காந்திருக்காங்கங்கறது மீதி.

இதெல்லாம் நாங்க ஊகிச்சது. ஊகத்தை ரிப்போர்ட்ல எழுத முடியாது, அதுல பெரியவர் சொன்னது சரி. பெங்களூர்ல ஆராய்ச்சி லேப்ல எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா. நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் ரெண்டு சீப்பு லஞ்சம் குடுத்து, ஸ்லைடை அவகிட்ட சேத்தேன். சென்ட்ரோமியர் புரதத்துல ஒட்டினா பச்சையா ஒளிர்ற ஆன்டிபாடியும், பதிமூணுக்குன்னு இருக்கற சிவப்புச் சாயமும் போட்டுப் பாத்தா. திங்கக்கிழமை வந்தவங்களை "இன்னும் தெளிவா தெரியல, அவசரப்பட மாட்டோம்"னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். மாமியார் என்னைப் பாத்த பார்வையில பால் திரிஞ்சிருக்கும்.

சிநேகிதி அனுப்பின படத்துல புள்ளி சிவப்பா இருந்துது. நடுவுல குட்டியா, பச்சையா ரெண்டு பொட்டு. லோகேஷ் திரையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். "நான் இதை அழிச்சேனே மேடம்"னான். பெரியவர், "நான் அழிக்கச் சொன்னேன்"னாரு. அவ்வளவுதான், அதைப் பத்தி அப்புறம் அவரு பேசல. புது ரிப்போர்ட் எழுதினோம், ரெண்டு கையெழுத்தும் விழுந்துது.

மாதேசனுக்கு ஒரு குறையும் இல்ல, கேட்டுக்குங்க. அவர்கிட்ட எல்லாம் இருக்கு, ரெண்டு இடத்துல பிரிஞ்சு இருக்கு, அவ்வளவுதான். குழந்தைக்குப் போகும்போதுதான் வில்லங்கம். வெட்டுப்பட்ட பதிமூணும் புள்ளியும் சேந்து போனா அப்பா மாதிரி நல்லா இருக்கும். ரெண்டும் இல்லாம முழுப் பதிமூணு போனாலும் நல்லா இருக்கும். வெட்டுப்பட்டது மட்டும் போனாலோ, முழுசோட புள்ளி கூடுதலாப் போனாலோ பெரும்பாலும் கரு நிக்காது.

"நீயே போய்ச் சொல்லு"ன்னாரு பெரியவர். "எனக்கு அழற ஆளுங்க முன்னாடி உக்காரத் தெரியாது." முதல்தடவையா அவருக்குத் தெரியாத ஒண்ணை ஒத்துக்கிட்டாரு. எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அப்ப எங்க லேப்ல கவுன்சிலர்னு தனியா ஆள் கிடையாது. என் தலையிலதான் விழுந்துது.

போன்ல, "நீங்க ரெண்டு பேர் மட்டும் வாங்க"ன்னு சொன்னேன். மூணு பேர் வந்தாங்க. மாமியாரை வெளிய உக்கார வெச்சுட்டு, கதவைச் சாத்தி, இவங்களுக்குப் படம் போட்டு விளக்கினேன். மெடிக்கல் ஷாப் பொண்ணு, கப்புன்னு பிடிச்சுக்கிட்டா.

"அப்ப என்ற வவுத்துல ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"மூணு தடவையுமே?"

"போன கருவை யாரும் சோதிக்கல, அதனால சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனா காரணம் இருக்கற இடம் இதுதான். உன்கிட்ட தேடி ஒண்ணும் கிடைக்கல."

அவ கையை மடியில வெச்சு, விரலை ஒவ்வொண்ணா நீவிவிட்டுக்கிட்டா. அழல. மாதேசன்தான் வேர்த்துப் போயிருந்தாரு.

"மேடம், எங்கம்மாகிட்ட ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்லைன்னு சொல்லிரலாமுங்களா?"

கவனிங்க, இங்கதான் உங்க படிப்பெல்லாம் கைகொடுக்காது. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த ஆளை அவர் டிராக்டர்லயே கட்டி இழுக்கணும்போல இருந்துது. வராந்தாவுக்குப் போய்க் கத்தணும்னும் தோணுச்சு. ஆனா அது அவரு ரத்தம். அவரு ரிசல்ட்டை அவங்கம்மாகிட்ட சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எவ்வளவு நியாயமா இருந்தாலும் கிடையாது. அதை இன்னைக்கு ஒருத்திக்காக மீறினா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து இன்னொரு பொண்ணோட ரிசல்ட்டை என்கிட்ட கேப்பான்.

"பொய் சொல்றதுக்கு நான் ஆள் இல்ல, மாதேசன். உண்மையைச் சொல்ற உரிமையும் எனக்கு இல்ல. அது உங்க வாய்ல இருந்து வரணும். நான் செய்ய முடிஞ்சது இவ்வளவுதான்: அவங்க வந்து கேட்டா, நான் வாயை மூடிட்டு உங்களைப் பாப்பேன்."

அவரு சுகன்யாவைப் பாத்தாரு. அவ அவரைப் பாக்கல. "நீங்க சொல்லாட்டி விடுங்க. தாளவாடிப் பொண்ணுக்கும் மூணு போவட்டும், அப்பறம் அவளையும் இங்க கூட்டிட்டு வாங்க"ன்னா. குரலை உசத்தவே இல்ல.

அப்ப கதவு திறந்துது. மாமியார் தலையை நீட்டினாங்க.

"எந்நேரந்தான் பேசுவீங்க? என்ற பையனுக்கு ஒண்ணுமில்லைதானுங்களே மேடம்?"

நான் சொன்ன மாதிரியே வாயை மூடிக்கிட்டு மாதேசனைப் பாத்தேன். சுகன்யா மாமியாரைப் பாத்தா. மாதேசன் தரையைப் பாத்தாரு. அந்த அமைதியில நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். எல்லாம் ஒரு ஆளோட முதுகெலும்புல நிக்குது, அது என் மைக்ராஸ்கோப்புல தெரியற சமாசாரம் இல்ல.

"எனக்குத்தானுங்கம்மா"ன்னாரு. "அவகிட்ட ஒண்ணுமில்ல. மூணும் என்கிட்ட இருந்துதான் போயிருக்குது."

அந்தம்மா உள்ள வந்து, நாற்காலியைத் தடவிப் பாத்து உக்காந்தாங்க. முந்தானையில முகத்தைத் துடைச்சாங்க. பையனைப் பாத்தாங்க, படத்தைப் பாத்தாங்க. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க.

"அதெல்லாம் தலையெழுத்துங்க மேடம். மனுசன் கையில என்ன இருக்குது? அவன் குடுக்கறப்ப குடுப்பான். இதுக்குப் போயி யாரைக் குத்தஞ் சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வருஷக்கணக்கா அந்தப் பொண்ணு வயித்தைக் குத்தம் சொன்ன வாய்க்கு, ஞானம் வர்றதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா அந்தம்மா நடிக்கல. பெத்த பையன்மேல விழுந்ததும்தான் அது குத்தம் இல்லைங்கறது அவங்களுக்குப் புரிஞ்சுது.

சுகன்யா போனை எடுத்தா.

"அத்தை, தாளவாடிக்காரங்க நம்பர் உங்ககிட்ட இருக்குதல்ல? குடுங்க, நானே பேசறேன். பொண்ணு வேண்டாமுங்க, நல்ல பையன் யாராச்சும் இருந்தா சொல்லுங்கன்னு."

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது, மானுவல்ல அதுக்கு இடமே இல்ல. மாதேசனும் சிரிச்சாரு. சிரிச்சுட்டே இருந்தவரு தோளு குலுங்க அழ ஆரம்பிச்சாரு. சுகன்யா தன் தண்ணி பாட்டிலைத் திறந்து அவர் கையில குடுத்தா.

மாமியார் எழுந்தாங்க. "சரி, சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரிங்க ரெண்டு பேரும்."

"நீங்க வெளிய இருங்க அத்தை. நான் மேடம்கிட்ட இன்னுங் கேக்கோணும்."

"இன்னும் என்ன புள்ள கேக்கோணும்?"

"இன்னொண்ணு சொமக்கறதா வேண்டாமான்னு. அதை நாந்தான முடிவு பண்ணோணும்?"

அந்தம்மா பையனைப் பாத்தாங்க. அவரு தண்ணி குடிச்சுட்டிருந்தாரு. திரும்பி வாசலுக்குப் போனாங்க.

"அத்தை, கதவைச் சாத்திட்டுப் போங்க"ன்னா சுகன்யா.

சாத்திட்டுப் போனாங்க.